க்யூவுக்கு ஒரு ஐ

ஸ்கிராபிள் ஆடியிருக்கிறீர்களா? ஆடாதவர்களுக்காக நாலு வரி. தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். பதினைந்துக்குப் பதினைந்து, ஆக மொத்தம் 225 கட்டம் போட்ட ஒரு பலகை. 100 காய்கள். 98 காய்களில் ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். மிச்சம் இரண்டும் வெறும் காய். அதை எந்த எழுத்தாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஏழு காய் எடுத்துக்கொண்டு, குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி, பலகையில் ஏற்கெனவே இருக்கிற சொல்லோடு ஒட்டித் தன் சொல்லை வைக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து மார்க் வேறு. அடிக்கடி வருகிற ஈ, ஏ, ஓ எல்லாம் ஒரு மார்க். க்யூவும் இசட்டும் பத்துப் பத்து. சில கட்டங்களில் விழுந்தால் அந்த எழுத்தின் மார்க் மூன்று மடங்காகும்.

பெரிய பெரிய சொல் தெரிந்தவர்தான் இதில் ஜெயிப்பார் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நாலு நாள் ஆடிப் பார்த்தால் சங்கதி வேறு என்று தெரியும். ஆட்டம் பாதி ஆனதும் பலகை தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரி ஆகிவிடும். கால் வைக்க இடம் இருக்காது. கையில் நீளமான சொல் இருந்தும் என்ன பிரயோசனம், அதை இறக்க ஒரு சந்து வேண்டாமா? அந்தச் சந்தைத் திறந்து கொடுப்பவை இரண்டெழுத்துச் சொற்கள். ஒரு சொல்லை ஒட்டி இணையாக இன்னொரு சொல்லை வைத்தால், மேலும் கீழுமாகச் சேருகிற ஒவ்வொரு ஜோடி எழுத்தும் ஒரு சொல்லாக அமைய வேண்டும். அமைந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மார்க். ஆகவே இந்த எழுத்து வருகிற சின்னச் சொல் எது, அந்த எழுத்து வருகிற சின்னச் சொல் எது என்று தேடுவதுதான் ஆட்டத்தில் பாதி வேலை.

இப்படிப்பட்ட இரண்டெழுத்துச் சொற்கள் காலின்ஸ் பட்டியலில் 127 இருக்கின்றன. அமெரிக்காக்காரர்களுக்குத் தனிப் பட்டியல். நாங்கள் வீட்டில் காலின்ஸ் கட்சி. 2019-இல் மூன்று சொல் புதிதாகச் சேர்த்துத்தான் 127 ஆக்கினார்கள். அந்த மூன்றில் ஒன்று ஓகே. நாம் நாளைக்கு நூறு தடவை சொல்லும் ஓகே, 2019 வரைக்கும் அந்தப் பட்டியலில் செல்லாக்காசு!

இதில் வில்லங்கமான எழுத்துக்கள் சில உண்டு. எக்ஸ் வரும் இரண்டெழுத்துச் சொல் ஐந்து. இசட்டுக்கு மூன்று. ஜேக்கு இரண்டு. சிக்கு ஒன்றே ஒன்று. க்யூவுக்கும் ஒன்றே ஒன்று, க்யூ-ஐ. சீன மருத்துவத்தில் உடம்புக்குள் ஓடுவதாகச் சொல்லும் உயிர்ச்சக்திக்கு அந்தப் பெயர். எழுதுவது க்யூ-ஐ, படிப்பது ‘சீ’. வி என்ற எழுத்துக்கு ஒன்றுகூட இல்லை. இருபத்தாறு எழுத்தில் இப்படி அநாதையாக நிற்பது அது ஒன்றுதான். நல்ல ஆட்டக்காரர்கள் எதிராளியின் வழியை அடைக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு வியைக் கொண்டுவந்து நட்டுவிடுவார்கள். அதை ஒட்டி யாரும் எதையும் வைக்க முடியாது.

(எழுத்தெல்லாம் தமிழிலேயே எழுதுவது என்று வைத்துக்கொண்டதில் ஒரு சிக்கல். பி என்றால் எந்த பி? ‘பால் பி’ என்று எழுதினால் பசும்பாலா என்று கேட்பீர்கள். டிக்கும் இதே கதை. ஆகவே அந்த எழுத்துக்கள் வரும் உதாரணங்களைக் கூடியவரை விட்டுவிடுகிறேன்.)

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃப்ரெட் பட்ஸ் என்கிற அமெரிக்கர். கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவர், எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று நியூயார்க் டைம்ஸ் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். அந்தக் கணக்குப்படிதான் ஈ என்ற எழுத்துக்கு 12 காய், க்யூவுக்கு ஒரே காய். எஸ்ஸை மட்டும் வேண்டுமென்றே குறைத்து நாலோடு நிறுத்தினார். எந்தச் சொல்லின் வாலிலும் ஓர் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம் அல்லவா, ஆட்டம் சுலபமாகிவிடும் என்று. ஸ்கிராபிள் என்ற பெயர் 1948-இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் தயாரிப்பை எடுத்துக்கொண்ட பிறகு வந்தது. பட்ஸின் மனைவி அவரைவிட நன்றாக ஆடுவாராம். இந்தத் தகவலை என் மனைவியிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை.

பட்ஸ் எழுத்து எண்ணிய கதையைப் படித்ததும் எனக்கு என் பழைய உத்தியோகம் நினைவுக்கு வந்தது. நான் 1971-இல் தந்தி இலாகாவில் டெலிகிராபிஸ்டாகச் சேர்ந்தவன். மோர்ஸ் சங்கேதத்தை உருவாக்கும்போது மோர்ஸின் கூட்டாளி ஒருவர் அச்சகத்துக்குப் போய், எந்த எழுத்துக்கு எத்தனை அச்சு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வந்தார் என்று படித்திருக்கிறேன். அவர் பெயரும் ஆல்ஃப்ரெட்தான், ஆல்ஃப்ரெட் வேல். அதிகம் வருகிற எழுத்துக்குச் சின்ன ஒலி, அபூர்வமாக வருகிற எழுத்துக்கு நீண்ட ஒலி. ஈ என்றால் ஒரே ஒரு ‘கட்’, முடிந்தது. க்யூ என்றால் ‘கடா கடா கட் கடா’. ஸ்கிராபிளில் க்யூ கைக்கு வந்ததும் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு அந்த ‘கடா கடா கட் கடா’ காதில் கேட்கும். தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது. காதில் கேட்பதை யார் நிறுத்த முடியும்?

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

பெட்டி எங்கள் பேத்தியுடையது. அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அதை விட்டுவிட்டாள். மகள் வீடு மாற்றும்போது அது எங்கள் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. கீழ் வீட்டில் ஒரு புரொபசர் இருக்கிறார். அரசுக் கல்லூரிகளில் முப்பத்துச் சொச்சம் வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், மனைவியை இழந்தவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவருக்கும் எனக்கும் பொழுது போகாது. ஆரம்பித்தோம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மார்க் எழுதுவாள். கணக்கில் புலி. மூன்று மடங்கு, இரண்டு மடங்கு எல்லாம் காயைக் கீழே வைக்கும் முன்னே சொல்லிவிடுவாள். “நீங்களும் ஆடுங்களேம்மா” என்று புரொபசர் கூப்பிட்டால், “எனக்கு எங்க சார் இங்கிலீஷ்” என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அவள் கும்பகோணம் பக்கத்து கிராமம். எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழ் மீடியம், பள்ளியில் தமிழில் முதல் மார்க். 1986-இல் எங்கள் மகளை ஆங்கில மீடியத்தில் சேர்க்க, ஊரில் பெயர்பெற்ற ஒரு பள்ளிக்கு இருவரும் போனோம். தலைமை ஆசிரியை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவியைப் பார்த்து ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டார். இவள் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும், “அம்மாவைத்தான் கேட்கிறேன்” என்றார். வீட்டில் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் குழந்தை பின்தங்கிவிடும் என்று விளக்கம் வேறு. இடம் கிடைக்கவில்லை. வேறு பள்ளியில் சேர்த்தோம், மகள் நன்றாகவே படித்தாள், அதெல்லாம் சரி. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதும் இவள் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மகளின் புரோக்ரஸ் கார்டில் பன்னிரண்டு வருஷமும் தமிழில் கையெழுத்துப் போட்டாள், அவ்வளவுதான்.

அவளை ஆட்டத்துக்குள் இழுத்தது பேத்தி. லீவுக்கு வந்திருந்தவள் இரண்டெழுத்துச் சொல் 127-ஐயும் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்து, “அம்மாச்சி, இதைப் படிச்சா போதும், தாத்தாவை ஜெயிச்சுடலாம்” என்று கொடுத்துவிட்டுப் போனாள். அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் பால் கணக்குக்குப் பக்கத்தில் ஏறியது. அடுத்த நாள் காலை பார்த்தால் இட்லி வேகும் நேரத்தில் முணுமுணுப்பு.

“என்ன, மனப்பாடமா?”

“எங்கப்பா ஓரெழுத்து ஒருமொழி நாப்பத்திரெண்டையும் உருப்போட வச்சாரு. இது ரெண்டெழுத்துதானே, என்ன பெரிசு?”

அவள் அப்பா தமிழாசிரியர். நன்னூலில் பவணந்தி முனிவர் ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று கணக்குச் சொல்கிறார். ஆ என்றால் பசு. ஏ என்றால் அம்பு. கா, சோலை. கோ, அரசன். கூ, பூமி. சோ, மதில். ஓ என்றால் மதகில் தண்ணீரைத் தடுக்கிற பலகை. தீ, பூ, கை, வா, போ மாதிரி தினம் புழங்குவதும் அதில் உண்டு. யா என்று ஒரு மரம், வௌ என்றால் பறித்துக்கொள் என்று, இன்று யாரும் வாயால் சொல்லாததும் உண்டு. அவளுக்கு எல்லாம் வரிசையாக வரும். அம்மை போட்டுப் படுத்திருந்தபோதுகூட அப்பா தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டாராம்.

ஆங்கிலப் பட்டியலை அவள் அகர வரிசையில் படிக்கவில்லை. வில்லங்க எழுத்துக்களை முதலில் எடுத்தாள். கையில் க்யூ வந்தால் பலகையில் ஐ எங்கே இருக்கிறது என்று மட்டும் பார். எக்ஸ் வந்தால் ஏ, ஈ, ஓ மூன்றும் அதற்கு முன்னால் நிற்கும், ஐயும் யூவும் பின்னால் நிற்கும். ஜே வந்தால் பின்னால் ஏ அல்லது ஓ. இசட் வந்தால் பின்னால் ஏ, ஈ, ஓ. இப்படி அவளாகவே ஒரு வாய்ப்பாடு போட்டுக்கொண்டாள். எனக்குத் தெரிந்து எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்து நாள் கழித்து, “நானும் உக்காரட்டுமா?” என்றாள்.

முதல் வாரம் தோற்றாள். இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். புரொபசர் ஓர் அழகான ஆறெழுத்துச் சொல்லை வைத்துவிட்டு, அதன் நயத்தை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லில் இருந்த ஓர் ஐ, மூன்று மடங்குக் கட்டத்துக்கு நேர் கீழே நின்றது. இவள் அந்தக் கட்டத்தில் க்யூவை வைத்தாள். அதற்கு வலது பக்கம் கையிலிருந்த ஓர் ஐயை வைத்தாள். குறுக்கே பார்த்தால் க்யூ-ஐ. நெடுக்கே பார்த்தாலும் க்யூ-ஐ. பத்து மார்க் மூன்று மடங்கானால் முப்பது, ஐக்கு ஒன்று, ஆக 31. இரண்டு பக்கமும் என்பதால் 62. இரண்டே காய்! மார்க் நோட்டில் அவளே எழுதிக்கொண்டாள். கை கொஞ்சம் நடுங்கியதைப் பார்த்தேன்.

புரொபசர் சிரித்துக்கொண்டே கைதட்டினார். நல்ல மனிதர். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் இதே மாதிரி ஜே-ஓவும் எக்ஸ்-யூவும் விழ விழ அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது. ஒரு நாள் இவள் சி-எச் வைத்தாள். சிக்கு இருக்கும் ஒரே இரண்டெழுத்துச் சொல் அதுதான் என்றேனே.

“இதில் உயிரெழுத்தே இல்லையேம்மா. இது எப்படி ஒரு சொல்லாகும்? என்ன அர்த்தம்?” என்றார்.

“லிஸ்டுல இருக்கு சார்.”

“லிஸ்டில் இருக்கலாம். அர்த்தம் தெரியாமல் வைத்தால் அது சொல் இல்லை, வெறும் எழுத்து. இனிமேல் அர்த்தம் சொல்லத் தெரிந்த சொல்லை மட்டும்தான் வைக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாமா? அப்போதுதான் ஆட்டத்துக்கு ஒரு மரியாதை.”

அவர் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வாழ்நாள் முழுக்கச் சொல்லின் பொருளைச் சொல்லிக்கொடுத்தவர் வேறெப்படிப் பேசுவார்? ஆனால் அவர் சொன்ன தோரணையில், அவரே அறியாமல், 1986-இன் அந்த மேஜை எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. இவள் சி-எச்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். “சரிங்க சார்” என்றாள். அந்த ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்தாள். மறுநாள் உட்காரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மார்க் எழுதவும் வரவில்லை. “வேலை இருக்கு” என்றாள்.

நான் புரொபசரிடம் என் கட்சியைச் சொன்னேன். என் கட்சி மனைவி கட்சிதான். சாப்பாட்டுக்குப் பயந்து அல்ல. சின்ன வயதில் வீசம், மாகாணி, அரைக்கால் என்று வாய்ப்பாடு ஒப்பித்தோமே, புரிந்தா ஒப்பித்தோம்? பொருள் பின்னால் வந்தது. தந்தி வாங்கும்போது கை எழுத்து எழுத்தாகத்தான் எழுதிக்கொண்டு போகும். புத்தி இரண்டு மூன்று சொல் பின்னால் வரும். ஒரு தடவை, கை ‘எக்ஸ்பயர்ட்’ என்று எழுதி முடித்து முகவரியும் சரிபார்த்த பிறகுதான், அது என் தெருக்காரர் ஒருவருக்கு வந்த செய்தி என்று எனக்கு உறைத்தது. அதனால் அந்தத் தந்தி செல்லாது என்று ஆகிவிடுமா?

நைஜல் ரிச்சர்ட்ஸ் கதையையும் சொன்னேன். நியூசிலாந்துக்காரர். ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலக சாம்பியன். பிரெஞ்சு பேசத் தெரியாது. ஆனால் ஒன்பது வாரம் போல பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டிக்குப் போய் பிரெஞ்சுக்காரர்களை ஜெயித்துக் கோப்பையை வாங்கினார். 2024-இல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். தாய்லாந்திலும் இது பெரிய விளையாட்டு. 2003-இலும் 2009-இலும் ஆங்கில உலகக் கோப்பையை வாங்கியவர்கள் தாய்லாந்துக்காரர்கள்.

“அது விளையாட்டு. நான் சொல்வது மொழி” என்றார் புரொபசர். அதிலும் நியாயம் இருக்கிறது. நைஜல் ரிச்சர்ட்ஸ் அந்தக் கோப்பையோடு போய் ஒரு காபி கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்னமோ.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் இவள் ஒரு பழைய டைரியோடு வந்து உட்கார்ந்தாள். “ஆடலாமா சார்? கேளுங்க, அர்த்தம் சொல்றேன்.”

டைரியில் 127 சொல்லும், எதிரே தமிழில் பொருளும். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். மளிகைச் சாமான் பட்டியலில்கூட ஒற்றுப் பிழை இருக்காது. ராத்திரி ராத்திரியாகப் பேத்திக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்பிக் கேட்டு எழுதியிருக்கிறாள். நான் தூங்கிவிட்ட பிறகு! சிலவற்றைச் சொல்கிறேன்.

ஏ-ஏ: ஹவாய்த் தீவில் எரிமலைக் குழம்பு ஆறி, கரடுமுரடாக உறைந்த பாறை.
ஏ-ஐ: தென் அமெரிக்கக் காட்டில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் சோம்பல் மிருகம்.
ஓ-ஈ: ஃபாரோ தீவுகளில் அடிக்கும் சுழற்காற்று.
எக்ஸ்-யூ: வியட்நாம் சில்லறைக் காசு.
ஜே-ஓ: ஸ்காட்லாந்தில் காதலியைக் கூப்பிடுவது.
இசட்-ஓ: இமயமலைப் பக்கம் யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த மாடு.
கே-ஒய்: ஸ்காட்லாந்தில் மாடுகள், பன்மை.

க்யூ-ஐக்கு எதிரே பொருளை எழுதிவிட்டு, ‘உச்சரிப்பு: சீ. நன்னூலிலும் சீ உண்டு, பொருள் வேறு’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.

புரொபசர் டைரியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓ-ஈயைப் பார்த்து, “இது எனக்கே தெரியாதே” என்றார். பிறகு சி-எச்சுக்கு வந்தார். அதற்கு நேரே, ‘நான். இங்கிலாந்தில் பழைய கிராமத்துப் பேச்சு’ என்று இருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து கீழே போனார். கோபித்துக்கொண்டாரோ என்று எனக்குக் கவலை. ஐந்து நிமிஷத்தில் ஒரு பழைய கிங் லியர் புத்தகத்தோடு மேலே வந்தார். அட்டை பிய்ந்து, விளிம்பெல்லாம் பென்சில் குறிப்பு. கண் தெரியாத தன் அப்பாவைக் காப்பாற்ற எட்கர் குடியானவன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு கொச்சையாகப் பேசுகிற ஒரு காட்சி இருக்கிறதாம். அங்கே ‘நான்’ என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் அந்த ‘ச்’தான், அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு. விரலை வைத்துக் காட்டினார்.

“முப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன்மா. இது தனியாக எழுந்து வந்து பலகையில் நிற்கும் என்று நினைத்ததே இல்லை. வையுங்கள், அந்த சி-எச்சை இன்றைக்கு வையுங்கள்” என்றார்.

அன்று அவள் கைக்கு சி வரவே இல்லை. விதியை அவரே எடுத்துவிட்டார். ஆனாலும் இவள் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறாள், அவர் கேட்காவிட்டாலும். சில நாள் எனக்கே அலுப்பாக இருக்கும். ஏ-ஐ என்றால் சோம்பல் மிருகம் என்று எத்தனை தடவைதான் கேட்பது?

அந்த டைரியின் கடைசிப் பக்கங்களில் இன்னொரு பட்டியல் வளர்ந்தது. யூ இல்லாமல் க்யூ வரும் சொற்கள். ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின்னால் யூ வந்தே தீர வேண்டும் என்று நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்தால், யூ இல்லாத சொற்களில் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த முகங்கள்: பக்கீர், வக்ஃபு, தலாக், கவ்வாலி. எல்லாம் அரபியிலிருந்து வந்தவை, நம் ஊர்க் கோர்ட்டிலும் கடைத்தெருவிலும் புழங்குபவை. இட்லியும் தோசையும்கூட இப்போது ஸ்கிராபிளில் செல்லுபடியாகிற ஆங்கிலச் சொற்கள்தான். அதைக் கண்டுபிடித்த அன்று, “அப்ப நான் தினம் காலையில இங்கிலீஷ்தான் பண்றேன்” என்றாள்.

அரைப் பரீட்சை லீவில் பேத்தி வந்திருந்தாள். பாட்டியும் பேத்தியும் கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் உள் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேத்தி என்னவோ கேட்டாள், அதற்கு இவள் சாதாரணமாக ஆரம்பித்தாள்.

“உங்கம்மாவ சேக்கறதுக்கு ஒரு ஸ்கூலுக்குப் போனோம் தெரியுமா? அந்தம்மா என்னைப் பாத்து இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாங்க. எனக்கு காதே அடைச்சுப் போச்சு. அந்த மேஜை மேல ஒரு கண்ணாடி குண்டு, உள்ள பூ வச்சது. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“அய்யோ, அப்புறம் அம்மாச்சி?”

“அப்புறம் என்ன, கெளம்பி வந்தோம். பஸ்ல உங்க தாத்தா கடலை வாங்கிக் குடுத்தாரு. நான் சாப்புடல.”

கடலை வாங்கிக் கொடுத்தது எனக்கு நினைவில்லை. கண்ணாடிக் குண்டும் நினைவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இப்ப கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“இப்பவா? நூத்தி இருபத்தேழு தெரியும், நீங்க எத்தனைன்னு கேப்பேன். நீ பேச்சுக் குடுத்து ஏமாத்தாத, உன் முறை, வை.”

அவள் இன்றும் ஆங்கிலம் பேசுவதில்லை. பேசப் பழகலாமே என்று மகள் சொல்லிப் பார்த்தாள், போனில் அதற்கென்று ஏதோ ஒன்றைப் போட்டும் கொடுத்தாள். “எதுக்கு? அதான் ஆடறேனே” என்று சொல்லிவிட்டாள். மூன்று பேருமாக ஆடும் ஆட்டங்களில் புரொபசர்தான் அதிகம் ஜெயிக்கிறார், அதற்கு அடுத்தது அவள். நான் எப்போதும் மூன்றாமிடம். ஆளில்லாத நாளில் இரண்டாமிடம்.

இரண்டெழுத்து முடிந்துவிட்டதால் புரொபசரே மூன்றெழுத்துப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அது ஆயிரத்துக்கும் மேலே போகிறது. வி என்ற எழுத்துக்கு இதில் நிறைய வழி இருப்பதைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். டைரி போதாமல் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியாயிற்று. இப்போது ஜி வரிசை நடக்கிறது. நேற்று காலை காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, “என்னங்க, ஜி-என்-யூன்னா என்ன?” என்றாள்.

“ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரு மான். ஆனால் பார்க்க மாடு மாதிரி இருக்கும்” என்றேன்.

“அங்கயும் மாடுதானா?” என்று சொல்லிவிட்டு எழுதிக்கொள்ளப் போனாள்.